சிந்துவின் நெற்றி

வடக்கே, நாட்டின் தலைநகரில், மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஒரு தமிழ்க் குடும்பத்தின் குடிசைக்குள் தயங்கி நுழைகிறாள் எப்சிபா. ஜூன் மாதத்து அனல்காற்றில் கூரையின் நீலப் பிளாஸ்டிக் படபடக்கிறது. அதன் வழியே இறங்கும் வெயில் உள்ளே எல்லார் முகத்தையும் நீலமாக்குகிறது. போன வாரம் இதே இடத்தில் முழங்காலிட்டு, "பயப்படாத சந்திரா, இயேசு உன் புள்ளைக்குச் சுகம் குடுப்பாரு" என்று உரக்கச் சொன்னவள் அவள்தான். அந்தப் பிள்ளை, சேட்டு, வியாழக்கிழமை காய்ச்சலிலேயே இறந்துவிட்டான். இப்போது துக்கம் கேட்க வந்திருக்கிறாள். சேட்டுவின் அம்மா சந்திரம்மாள் அழவில்லை. "உக்காருக்கா" என்கிறாள். ஸ்டவ் சீறுகிறது. டீ பொங்கி வழிவதை இருவருமே கவனிக்கவில்லை. "உங்க சாமிக்கு இந்தியிலதான் சொல்லணுமாக்கா? நம்ம தமிழு அவருக்குக் கேக்கலியா?" குரலில் கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள். எப்சிபா தலைகுனிகிறாள். சந்திரம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து, பாயில் கிடக்கும் சின்னவள் சிந்துவின் நெற்றியில் வைக்கிறாள். நெற்றி கொதிக்கிறது. "இவளுக்கும் நேத்துலேருந்து காய்ச்சல். ஜெபம் சொல்லுக்கா, ஜல்தி, சீக்கிரம் சொல்லு." இயேசுவின் அற்புதங்களுக்கு ஊரெல்லாம் சாட்சி சொன்ன எப்சிபாவின் உதடுகள் அசைகின்றன, சத்தம் எழவில்லை. சட்டென்று குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு எழுகிறாள். "முதல்ல ஆஸ்பத்திரிக்கு நட. ஜெபம் போற வழியில பண்ணிக்கலாம்." வெயிலில் கண் கூசும் சந்தில் இருவரும் விரைகிறார்கள். வெறுங்காலோடு பின்னால் ஓடிவரும் சந்திரம்மாள், "ஜெபத்த எனக்குக் கேக்கறாப்புல சொல்லுக்கா" என்று கெஞ்சுகிறாள். எப்சிபா, தன் கழுத்தில் சுடும் குழந்தையின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நடக்கிறாள்.