யாரும் தொடாத துண்டு

தங்கும் ஓட்டலின் கிணறு வற்றிவிட்டது. அடியில் ஒரு முழம் தண்ணீர்தான் மிச்சம். அதுவும் தீர்ந்தால் கருகிச் சாக வேண்டியதுதான் என்று மோட்டாருக்கு நடுக்கம்.

"அண்ணே, இன்னைக்காவது துவைக்காதீங்க" என்று கெஞ்சியது.

"ஓட்டல் பேரு என்னாவறது? வாய மூடுடா!" என்று உறுமியது சலவை இயந்திரம். அங்கே அதுதான் தலைவர். "தொட்டது தொடாதது எல்லாத் துண்டும் கூடைக்கு வாங்க! வராதவனைக் கிழிச்சுத் தரை துடைக்கப் போட்டுருவேன்!"

துண்டுகள் அலறியடித்துக் கூடையில் குதித்தன. மோட்டார் காற்றை உறிஞ்சி இருமியது. கருகல் வாடை வந்தது.

மாடியிலிருந்து ஒரு குரல் நடுங்கிக்கொண்டே சொன்னது: "நேத்து துவைச்சுத் தொங்கவிட்டதுல இருந்து என்னை யாருமே தொடலை. நான் வரல. வேணும்னா தரை துடைக்கப் போடு."

அதைக் கேட்டுக் கூடை அசைந்தது. துண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கித் தங்கள் கொக்கிக்கே திரும்பின. இயந்திரம் காலி வயிற்றோடு நின்றது. மோட்டார் மூச்சு விட்டது.

குரல் கொடுத்தது, பன்னிரண்டாம் அறையில் தொங்கிய, ஓரம் பிய்ந்த கைத்துண்டு.