நிறம் வராத சித்திரை

ஒவ்வொரு சித்திரையிலும் கடல் சூடேறும்போது தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் ஊதாவும் நீலமுமாக ஒளிரும். அதைப் பார்க்கவே சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வரும். ஜெசிந்தாவும் அவள் கணவன் லியோனும் கண்ணாடித் தளம் போட்ட படகில் அவர்களைக் கூட்டிப்போய்ப் பிழைத்தார்கள். ஒளிர்ந்த பவளங்களில் பல, அடுத்த மாதமே வெளுத்துச் செத்துப்போகும். அதைப் பயணிகள் யாரும் கேட்டதில்லை.

இந்த வருடம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முந்திக்கொண்டு வந்து தண்ணீரைக் குளிரவைத்துவிட்டது. முதல் பயணத்தில் கண்ணாடிக்குக் கீழே வெறும் மண் நிறத்தில் பாறை பரந்து கிடந்தது.

“கலர் எங்கம்மா?” என்றார் முன்னால் உட்கார்ந்திருந்தவர்.

“பக்கத்துத் தீவுல இருக்கும் சார்,” என்று லியோன் படகைத் திருப்பப் போனான்.

“இன்ஜினை நிறுத்துங்க,” என்றாள் ஜெசிந்தா.

“கலர் இல்லன்னு தெரிஞ்சா இனி யாரு வருவா?” என்று முணுமுணுத்தபடி அவன் நிறுத்தினான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சித்திரையில் அவள் இந்த மண் நிறத்தைப் பார்த்ததே இல்லை. பவளக் கிளைகளுக்குள் குஞ்சு மீன்கள் புகுந்து புகுந்து வெளியே வந்தன. அவள் கண்ணாடிமேல் மண்டியிட்டாள்.

“அந்தக் கலரு சூடு தாங்காம வர்றது சார். இந்த வருசம் பவளத்துக்கு வலிக்கல.”

கலர் கேட்டவரும் அவள் பக்கத்தில் குனிந்தார்.

“கீழ ஏதோ நறநறன்னு கேக்குதே, என்னது?”

“கிளிமீனு பாறையக் கொறிச்சுச் சாப்பிடுது சார்.”