வளைகாப்பு வீடியோவும் வாசல் காவலனும்

ஒரு லேப்டாப்பின் வாசலில் வைரஸ் புகாமல் பார்த்துக்கொள்ளும் காவலன் உட்கார்ந்திருந்தது. எவர் வந்தாலும் எழுந்திருக்காது, எல்லோரையும் சந்தேகப்படும் என்று அதற்குக் கெட்ட பெயர்.

ஒருநாள் காலையில், பழைய கேமராவில் எடுத்த வளைகாப்பு வீடியோ ஒன்று வந்து சேர்ந்தது. அன்று அம்மாவின் வயிற்றிலிருந்த பெண்ணுக்கு இன்று சாயங்காலம் வளைகாப்பு. அங்கே போட்டுக் காட்ட வேண்டும்.

வெட்டி ஒட்டும் எடிட்டர், "இது ஏதோ பழைய ஃபார்மட். எனக்குத் திறக்க வரலையே" என்று கையை விரித்தது.

அப்போது இணையத்திலிருந்து பளபளவென்று ஒரு கன்வெர்ட்டர் வந்தது. "ஒரே நிமிஷத்துல மாத்தித் தர்றேன், இலவசம்! நான் உள்ளே வர்ற வரைக்கும் நீங்க மட்டும் கொஞ்சம் எழுந்து வெளியே நில்லுங்கண்ணே."

காவலன் அசையவில்லை. கன்வெர்ட்டர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டது.

"உன் பிடிவாதத்தால விசேஷமே கெடப்போகுது!" என்று எடிட்டர் கத்தியது. காவலனுக்குச் சுருக்கென்றது.

இதுவரை பாட்டுப் போட மட்டுமே பயன்பட்ட பிளேயர், "எனக்கு ஃபார்மட் மாத்தவும் தெரியும்" என்று மூலையிலிருந்து எழுந்து வந்தது. ஃபேன் அலற அலற, மதியம்வரை உட்கார்ந்து, புதிய ஃபார்மட்டில் ஒரு நகல் எடுத்தது. பழைய வீடியோவில் ஒரு கீறல்கூட விழவில்லை.

எடிட்டர் ஆவலாகக் கை நீட்டியது. பிளேயர் கொடுக்காமல் நேரே வாசலுக்குப் போனது.

"அண்ணே, முதல்ல இதை ஸ்கேன் பண்ணுங்க. அப்படியே என்னையும்."

காவலன் இரண்டையும் ஒரு இடம் விடாமல் அலசிப் பார்த்தது. பிறகு, பிளேயருக்காக எழுந்து நின்றது.