அறுபத்து நாலு பூக்கள்

"நிறுத்துய்யா! மொதல்ல அந்தப் போனைக் கீழ வை!"

சங்கச் செயலாளர் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்த வேகத்தில், ஆணியில் தொங்கிய ஃபேன் பெல்ட்டுகள் ஆடின.

ஸ்டோர் கிளார்க் போனைக் கீழே வைக்கவில்லை. விரலால் ஒரு தட்டு தட்டினார். செயலாளரின் சட்டைப் பையில் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார். சூரியகாந்தி. அதன் அடியில், 'இனிய காலை வணக்கம்.'

"மணி ஒன்பதரை. யாருக்குய்யா இன்னும் விடியல?"

"சும்மா ஒரு மரியாதைக்குத்தாண்ணே."

"அறுபத்து மூணு பூ! இது பணிமனைக் குரூப்பா, பூக்கடையா?"

கவுண்டரில் சாய்ந்து நின்ற மேலாளரின் டிரைவர் சிரித்தார். கிளார்க் அவரை ஒரு பார்வை பார்த்தார். வாய் திறக்க வந்தவர், திறக்காமல் ஒரு ரோஜாவை அனுப்பினார்.

டிங். அறுபத்து நாலு.

இந்தப் பஸ் பணிமனையில் இப்போது எல்லாமே வாட்ஸ்அப் குரூப்தான். டூட்டி, லீவு, மெமோ எல்லாம் அதில்தான் வரும். சுவரில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதில் குண்டூசிகள் மட்டும் துருப்பிடித்துக் காத்திருக்கின்றன. மேலாளர் எதைப் போட்டாலும் உடனே நாற்பது கட்டைவிரல் உயரும்.

பன்னிரண்டு நாளுக்கு முன்பு, பஸ் கழுவும் பெண் பிடித்திருந்த ஹோஸ் துள்ளி மேலாளரின் சட்டை நனைந்தது. உடனே சஸ்பெண்ட். அந்த உத்தரவுக்கும் நாற்பத்தோரு கட்டைவிரல். பழக்கதோஷத்தில் அவளும் ஒன்று போட்டிருந்தாள்.

முஷ்டி உயர வேண்டிய இடத்தில் கட்டைவிரல் உயர்ந்தால் வேறென்ன ஆகும்?

பன்னிரண்டு நாள் மல்லுக்கட்டி, செயலாளர் மேலாளரை ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தார். இன்று பத்து மணிக்கு அவளைத் திரும்ப வேலையில் சேர்க்கும் உத்தரவில் கையெழுத்து. ஆனால் அந்த மனிதர் சட்டென்று முறுக்கிக்கொள்பவர். இந்த நேரம் பார்த்தா ஒருவன் பூவாகக் கொட்டி எரிச்சல் மூட்டுவது?

"அவ பொழப்புல மண்ணைப் போடாதேய்யா. மூணு புள்ளைங்க அவளுக்கு."

"தெரியும்ண்ணே. அதுக்குத்தான் காலையில உங்களுக்கு ஏழு தடவை போன் போட்டேன்..."

"பார்த்தேன். எடுக்கல."

போன வருஷ வேலைநிறுத்தத்துக்கு வராதவர்களின் போனைச் செயலாளர் எடுப்பதில்லை. அது கொள்கை.

மேலாளர் அறைக்கு நடக்கும்போதும் அவருக்கு ஆறவில்லை. தப்பு யாருக்கும் வரும். அவருக்கே இன்று காலை ஆறு மணிக்கு வந்தது. சங்கக் குரூப்புக்கு எழுதிய அறிக்கை, விரல் தடுக்கிப் பணிமனைக் குரூப்பில் போய் விழுந்துவிட்டது. 'கையெழுத்துப் போடத் தெரிந்த பூசணிக்காய்க்கு இறுதி எச்சரிக்கை' என்று தொடங்கும் நெருப்பு. அதற்காகப் பதறினாரா? செய்தியை அழுத்திப் பிடித்தார். போன் என்னவோ கேட்டது. ஒன்றைத் தொட்டார். மறைந்தது. ஒரு நொடியில் சுத்தம். பொறுப்புள்ளவனுக்கும் பூ அனுப்புகிறவனுக்கும் அதுதான் வித்தியாசம்.

மேலாளரின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"வாங்க. அந்த ஸ்டோர் கிளார்க்குக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?"

"அவன் எங்க ஆளே இல்ல சார்."

"குரூப்பைத் திறந்தா பூ. தள்ளினா பூ. இன்னும் தள்ளினா, பூவைக் கவ்விக்கிட்டு ஒரு கிளி! கிளி எதுக்குங்க?"

"கேவலம் சார்."

"வெறுத்துப்போய் மொத்தத்தையும் அழிச்சுட்டேன். ஒண்ணுகூடப் படிக்கல. உருப்படியா ஏதாவது இருந்துதா அதுல?"

"அதுலயா? எல்லாம் குப்பை சார்."

மேலாளர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். செயலாளருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மேலாளர் அதே கையோடு இன்னொரு தாளை இழுத்தார்.

"அந்தாளுக்கு ஒரு மெமோ. இதைத் தாள்லதான் குடுக்கணும். குரூப்புல போட்டா இதுக்கும் ஒரு பூ அனுப்புவான். சங்கம் சண்டைக்கு வருமா?"

"தாராளமா குடுங்க சார். நானே கொண்டுபோய்த் தர்றேன்."

நாற்பது வருஷத்தில் நிர்வாகத்தின் மெமோ ஒன்றைச் செயலாளர் ஆதரித்தது இதுவே முதல் தடவை.

ஸ்டோர் ரூமில் டிரைவர் போய்விட்டிருந்தார். கிளார்க் மட்டும் இருந்தார்.

"இந்தா. நீ காட்டின மரியாதைக்குப் பதில் மரியாதை."

கிளார்க் மெமோவைப் படிக்கக்கூட இல்லை.

"அண்ணே, கையெழுத்து ஆச்சா?"

"ஆச்சு. உன்னையும் மீறி ஆச்சு."

"குரூப்பைப் படிச்சாரா?"

"எங்கேர்ந்து படிக்கிறது? உன் பூவைப் பார்த்து வெறுத்துப்போய் எல்லாத்தையும் அழிச்சுட்டாராம்."

"அப்பாடா!"

கிளார்க் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். மெமோவைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு போனை எடுத்து, குரூப்பில் மேலே மேலே போனார். ரோஜா, சூரியகாந்தி, கிளி, மறுபடி ரோஜா. அறுபத்து நாலையும் தாண்டி, ஆறு மணி நாலு நிமிடத்தில் விரலை நிறுத்திச் செயலாளரிடம் நீட்டினார்.

"பூசணிக்காய் இன்னும் இங்கேயேதான் இருக்குண்ணே. நீங்க அழிச்சது உங்க போன்ல மட்டும்."