திடீர் சோதனை

"நாளைக்குக் காலையில உங்க மெயின் சர்வர் விழும். ஸ்டாண்ட்பையை ஒருதரம் பார்த்துக்கோம்மா."

போனில் ஏதோ ஒரு தாத்தா குரல். தலையணைக்குள் வாயை வைத்துப் பேசுவது போல இருந்தது.

"நீங்க யாரு?"

"நலம்விரும்பி."

டக்கென்று வைத்துவிட்டார்.

அக்கா திரையைப் பார்த்தாள்; தெரியாத நம்பர். ஆபீஸில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட. பஸ் டிக்கெட் விற்கிற கம்பெனி. மெயின் சர்வர்கள் படுத்துவிட்டால், வேறு ஊரில் சும்மா இருக்கிற ஸ்டாண்ட்பை சர்வர்கள் தானாகப் பெருகி எழுந்து வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். டிக்கெட் வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியக்கூடாது. அதைக் கவனிப்பதுதான் அக்காவின் டீம்.

அது ஒழுங்காக நடக்கிறதா என்று மெயின் சர்வரை அணைத்துப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மா வரப்போவதாகப் பேச்சு. என்றைக்கு என்பது ரகசியம். தேறாவிட்டால் டீமையே கலைத்துவிடுவார்கள். அக்காவின் கணவர் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் இவள் சம்பளம் ஒன்றுதான்.

இந்தத் திடீர் சோதனையைக் கேட்டு வாங்கி வந்ததே அவர்களுடைய மேனேஜர்தான். எதற்கெடுத்தாலும் பொரிவதால் டீம் அவருக்கு வைத்த பெயர் கடுகு.

"நம்மள வீட்டுக்கு அனுப்பணும்னு கங்கணம் கட்டிக்கிட்டு அலையுறாருக்கா," என்று நெட்வொர்க் பார்க்கும் நெட்டை ஏற்கெனவே புலம்பியிருந்தான்.

அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். விபத்து வந்தால் எழ வேண்டியவை நாற்பது சர்வர்கள். அங்கே இருந்ததோ நாலு. ஏதோ சோதனைக்காக அவளே குறைத்துவிட்டு, திரும்ப ஏற்ற மறந்திருக்கிறாள்!

தலையில் அடித்துக்கொண்டு நாற்பது போட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று எண்பதாக்கிவிட்டுத்தான் படுத்தாள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் போனால், அவளுக்கு முன்னால் மொத்த டீமும் ஆஜர். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆடி அசைந்து வருகிற நெட்டைகூடப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மீட்டிங் ரூமில் ஆய்வாளர் அம்மா சிரிக்காமல் நின்றார். கை மெல்ல லேப்டாப் பக்கம் போனது.

"ஐயய்யோ! சர்வர் போச்சே!" என்று அலறினான் நெட்டை.

"நான் இன்னும் அணைக்கவே இல்லையே, தம்பி."

"அது... ஒத்திகைக்கு ஒரு ஒத்திகைங்க மேடம்."

அக்காவுக்கு அவனைக் கிள்ள வேண்டும் போல இருந்தது.

அம்மா மெயின் சர்வரை நிஜமாகவே அணைத்தார். ஸ்டாண்ட்பை எழுந்தது. டிக்கெட் விற்பனை ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. அக்காவுக்கு உயிர் வந்தது.

ஆனால் எழுந்தது நிற்கவில்லை. எண்பது தாண்டியது. நூற்றறுபது தாண்டியது. திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள் மொய்த்தன.

"நான் எண்பதுதானே போட்டேன்?" அக்கா நெட்டையின் காதைக் கடித்தாள்.

"எண்பது பத்தாதோன்னு நான் டபுள் ஆக்கினேன்க்கா."

"ஐயோ, அதுக்கப்புறம் நானும் டபுள் ஆக்கினேன்," என்றாள் பக்கத்திலிருந்த டெஸ்டர் பெண்.

"உங்களுக்கும் போன் வந்துச்சா?"

"எனக்கு ஒரு அம்மா பேசினாங்க, கட்டைக் குரல்ல," என்றான் நெட்டை.

"எனக்கு ஒரு குழந்தை. 'ஆன்ட்டி, சர்வர் பாருங்க'ன்னுச்சு. ஆன்ட்டின்னு கூப்பிட்டதுலதான் எனக்குக் கோபம்."

ஆய்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உலகத்துல இருக்கிற பஸ் எல்லாம் ஒரே நாள்ல கிளம்பினாலும் இத்தனை சர்வர் வேண்டாமே! வேலையில குறை சொல்ல முடியாது. ஆனா யாரோ முன்னாடியே துப்புக் கொடுத்திருக்காங்க. அது மட்டும் உறுதியாச்சுன்னா, ஃபெயில்தான்."

எல்லோரும் அவரவர் போனை மெல்லப் பைக்குள் தள்ளினார்கள். கடுகு மட்டும் பொரிய ஆரம்பித்தார்.

"எவன் சொன்னது? நிஜ விபத்து என்ன, போன் போட்டுச் சொல்லிட்டா வரும்? நாணயம் வேண்டாமா? ஆள் மட்டும் கையில கிடைக்கட்டும், நானே கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுறேன்!"

மனுஷனா இவர்? அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பாற்றிய புண்ணியவானைத் தேடிப்பிடித்து வேலையை விட்டுத் தூக்குவாராம்! யாரோ ஒரு முகம் தெரியாத தாத்தாவுக்கு இருக்கிற இரக்கம், தினமும் முகத்தைப் பார்க்கிற இவருக்கு இல்லையே என்று நெஞ்சு கசந்தது.

அந்த நேரம் பார்த்து கடுகின் போன் அடித்தது. படம் போட்டுக் காட்டுவதற்காக அதை மீட்டிங் ரூம் ஸ்பீக்கரோடு இணைத்து வைத்திருந்தார். பதறிப்போய் வெட்டப் போனவர், அவசரத்தில் எடுத்துவிட்டார்.

அறை முழுக்க அவர் மனைவியின் குரல் ஒலித்தது.

"ஏங்க, பசங்க பாஸாயிட்டாங்களா? ஒருத்தருக்கு வேலை போனாலும் என்னால தாங்க முடியாதுன்னு, நேத்து சாயங்காலம் பூரா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு குரல்ல போன் பண்ணிட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமப் படுத்தீங்களே... இப்பவாவது ஏதாவது சாப்பிட்டீங்களா?"

கடுகு போனை இரண்டு கையாலும் பொத்தினார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லோரும் ஆய்வாளர் அம்மாவையே பார்த்தார்கள்.

அவர் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பையை மாட்டிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினார்.

"உங்க ஸ்பீக்கர் ரிப்பேர் போலிருக்கே சார், எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேக்கலை. நீங்க போய் முதல்ல சாப்பிடுங்க."