தங்கமாரி சொன்ன சாம்பார்

முத்துக்கனியும் புருசனும் சென்னைக்குப் போய்வர வண்டி, தங்குமிடம், சாப்பாட்டுக் கடை எல்லாவற்றையும் போனே முடிவு செய்தது. அதையும் கனடாவில் இருக்கும் மகள் தங்கமாரியின் குரலிலேயே சொன்னது. இப்போதெல்லாம் போன்கள் வீட்டு ஆட்களின் குரலில்தான் பேசுகின்றன.

முத்துக்கனிக்குக் கோதுமை துளி பட்டாலும் ஆகாது. போன தடவை ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டியதாகிவிட்டது.

"யம்மா, அந்த ஓட்டல் சாம்பாரை நம்பிச் சாப்பிடு. கோதுமையே கிடையாது" என்றது போன்.

மூட்டை சுமக்கும் அவள் புருசன் பேச்சிமுத்து போனை முறைத்தார். "பெருங்காயத்துல மைதா கலப்பானே, கேட்டியா?"

"கேட்டுட்டேன்ப்பா. சுத்தமானது."

"பொய் சொல்லுத. கடைக்காரன் உனக்கு என்ன குடுத்தான்?"

"அப்படியெல்லாம் இல்லப்பா" என்றது குரல், தேனாக.

அவருக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. "ஏட்டி, இது நம்ம பிள்ளை இல்ல. அவளா இருந்தா இந்நேரம் என்னைக் கிழிச்சிருப்பா. இதுக்குக் கோவமே வரமாட்டேங்கு."

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் முத்துக்கனி. "அவ பேசி வருசமாச்சு. இவளாவது பேசுதா. எதையாவது கேட்டு இவளையும் விரட்டிராதீங்க."

போனை அவர் கையிலிருந்து வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"சரிம்மா. அந்தக் கடையிலேயே சாப்பிடுதேன்."