மேனேஜருக்கு ஒரு வீடு

"காது கேக்காட்டிக்கூட பரவாயில்லைங்க. ஆனா முன்கால் ரெண்டும் வெள்ளையா இருக்கணும்."

படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். லீவு நாளில் இந்த நாய்கள் காப்பகத்துக்கு வந்து சம்பளமில்லாமல் மாரடிக்கிறாள். குட்டி வேண்டும், உசத்தி ஜாதி வேண்டும் என்று கேட்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கிழட்டு நாய்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

"எதுக்கு வயசான நாய்?"

"அப்பாவுக்குங்க." வந்தவன் லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ். அஞ்சு நிமிஷத்தில் மூன்று தடவை போன் அடித்துவிட்டது. "எங்க நாய் பூட்ஸுக்கு முன்கால் ரெண்டும் வெள்ளை. அது செத்து ஒன்றரை வருஷம் ஆச்சு. அப்பாவுக்கு அது மனசுல தங்கவே மாட்டேங்குது. தினமும் நான் வீட்டுக்குள்ள காலை வெச்சதும், 'பூட்ஸ் எங்கடா?'ம்பார். நானும் உட்கார்ந்து முதல்லேருந்து சொல்வேன். குட்டியா வந்தது, என் ஸ்கூல் ஷூவைக் கடிச்சது, கடைசியில செத்துப்போனதுவரைக்கும். கேட்டுட்டுக் கண்ணைத் துடைச்சுப்பார். மறுநாள் மறுபடியும் அதே கேள்வி."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"கூப்பிட்டா வந்தாத்தானே? எனக்கு ஒண்ணுமில்ல, போடாங்கிறார்."

"அதுக்கு வேற நாயைக் கொண்டுபோய் ஏமாத்தப் போறீங்களா?"

"ஏமாத்துறதுதாங்க. தினமும் ஒரு சாவைக் கேட்டு அழுறதுக்கு இது தேவலையில்லையா?"

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கடைசிக் கூண்டில் மேனேஜர் இருந்தது. காலையில் திறந்துவிட்டால் ஒவ்வொரு கூண்டாக நின்று, வேலை நடக்கிறதா என்று பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதனால் அந்தப் பெயர். பதின்மூன்று வயது. முன்கால் இரண்டும் வெள்ளை. எட்டு மாதமாக அதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சிமெண்ட் தரையில் அது சாகக் கூடாது, யாராவது ஒருவர் வீட்டுக்குள் படுத்துக் கண்ணை மூட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வேறு எதற்கும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"வீட்டைப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்வேன்" என்றாள்.

அடுத்த லீவு நாளில் மேனேஜரோடு போனாள். வழுக்கும் தரையெல்லாம் சாக்கு விரித்திருந்தான் மெக்கானிக். வாசல் படியில் நாய் ஏறுவதற்குப் பலகை சாய்த்திருந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் கூடத்தை ஒரு சுற்று வந்தது. ரெண்டு அறையையும் எட்டிப் பார்த்தது. பிறகு பெரியவர் காலடியில் பொத்தென்று விழுந்து படுத்துக்கொண்டது.

"அப்பா, பாருங்க! பூட்ஸ் வந்துட்டான்!"

பெரியவர் நாயைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். குனிந்து அதன் தலையைத் தடவினார்.

"வந்துட்டானா? நல்லது."

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் போன் அடித்தது.

"லிஃப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்களாம். நான் ஓடணும்" என்று பையைத் தூக்கினான். "இனிமே நிம்மதிங்க. நான் எந்நேரம் வந்தாலும் அப்பாவுக்குத் துணை இருக்கு."

அவன் வண்டிச் சத்தம் தேய்ந்தது. தத்துக் காகிதத்தை எடுத்தவளுக்கு உள்ளூர உறுத்தியது. நல்ல மனுஷனைக் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றிவிட்டோமே!

"இவன் பேரென்னம்மா?" என்றார் பெரியவர்.

"பூ... பூட்ஸ்தானே சார்?"

"பொய் சொல்ல வரலை உனக்கு. பூட்ஸைக் குழி வெட்டிப் புதைச்சதே நான்தான்."

"மன்னிச்சிடுங்க சார். இது... மேனேஜர். கூட்டிட்டுப் போயிடவா?"

"எதுக்கு? இந்த வயசுல இவனை அலைக்கழிக்காதே. இங்கேயே இருக்கட்டும்." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. தேதியைக்கூட அவளைக் கேட்காமல் எழுதினார்.

"எல்லாம் ஞாபகம் இருக்கே சார்... அப்புறம் ஏன் தினமும் பூட்ஸ் எங்கன்னு அவரைக் கேக்குறீங்க?"

பெரியவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"அதைக் கேட்டாத்தாம்மா, அவன் போனைக் கீழ வெச்சுட்டு என் பக்கத்துல வந்து உட்கார்றான்."